நுரை நிற்காத பியர்

அகதிகளுக்குக் கூப்பன் கொடுக்கும் சோசல் கந்தோர் வரிசையில் நின்றபோதுதான் கிரிஜா அக்கா எனக்கு அதைச் சொன்னார். அவருக்குச் சொன்னது அவருடைய கணவர். கணவருக்கு யார் சொன்னது என்று அவருக்கு அப்போது தெரியவில்லை. ஹம் நகரத்தில் ஒரு தமிழர், ஜெர்மன்காரக் கிழவர் ஒருவருடைய நிலவறையில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சினாராம். அதுவும் தேங்காயெண்ணெய் விட்டுக் காய்ச்சினாராம். குடித்தவர்கள் எல்லோருக்கும் வாந்தியாம். கிழவர் அவரைக் கழுத்தில் பிடித்து வெளியே தள்ளிவிட்டாராம். இனிப் பொலிஸ் வரப்போகிறதாம்.

"உங்கட ஹைமில இருக்கிறவராம், தம்பி. நீங்களும் கவனமா இருங்கோ. ஒராள் செய்யிற வேலைக்கு எல்லாற்ற தலையும் உருளும்."

நான் முதலில் நினைத்தது என்னுடைய அகதி விண்ணப்பத்தைத்தான். அந்த வருடம், எண்பத்தாறில், எங்களில் யாரும் எதைக் கேட்டாலும் முதலில் நினைத்தது அதைத்தான். பிறகுதான் அந்த மனிதரை நினைத்தேன்.

விஜயரத்தினம் அண்ணை கசிப்புக் காய்ச்சவில்லை. காய்ச்சத் தெரியாது. வாழ்நாளில் ஒரு துளி குடித்தவருமல்ல. அவர் செய்தது ஒரே ஒரு வேலை: கழுவினார்.

ஹைம் என்று நாங்கள் சொல்லும் அகதி விடுதியில் அவரும் நானும் புவனேந்திரனும் ஒரே அறை. நான் ஊரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவன். ஜெர்மன் மொழியில் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் வாய் திறக்கும். புவனேந்திரன் எங்கள் இருவருக்கும் இளையவன், சுன்னாகத்தில் சைக்கிள் கடைக்காரருடைய மகன். பகல் முழுக்கப் பொது அறைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, வந்த ஒரு வருடத்துக்குள் ஜெர்மன்காரர்களோடு பகிடி விடும் அளவுக்கு மொழியைப் பிடித்துவிட்டான். விஜயரத்தினம் அண்ணைக்கு நாற்பது கடந்துவிட்டது. "டாங்கே", "பிற்றே", "மோர்கன்" என்று நன்றியும் தயவும் காலை வணக்கமும் சொல்லும் மூன்று சொல்லோடு சீவித்தார்.

யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு சோடாக் கம்பனியில் போத்தல் கழுவும் பகுதியைப் பார்த்தவர். திரும்பி வரும் போத்தல்களுக்குள் மண்ணெண்ணெய் இருக்கும், பீடிக்கட்டை இருக்கும், சில வேளை பல்லி இருக்கும். ஒவ்வொன்றையும் மூக்குக்குக் கொண்டுபோய் மணந்து பார்த்துத்தான் தொட்டிக்குள் விடுவாராம். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. ஹைமில் தேநீர் ஊற்றுவதற்கு முன் கோப்பையை மணப்பார். சட்டியை மணப்பார். தண்ணீர்க் குவளையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். மற்றவர்கள் அவருக்கு "மோப்பம் விசயர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். சரியாகச் சொன்னால், அவரோடு ஒரு அறையில் இருப்பது கஷ்டம். நாங்கள் கழுவி வைத்ததை அவர் ஒருநாளும் அப்படியே எடுத்துப் பாவித்ததில்லை.

"என்னண்ணை, கோப்பைக்குள்ள பூனை கீனை செத்துக் கிடக்கோ?" என்று புவனேந்திரன் கேட்பான்.

"பூனை இல்லையடா. உன்ர நேற்றையான் கோப்பி கிடக்கு."

எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. பேருக்குக் கட்டில், சாப்பாட்டுக்குக் கூப்பன், மிச்ச நேரம் முழுக்க யன்னல். விஜயரத்தினம் அண்ணை யன்னலில் நிற்கமாட்டாமல் தெருத்தெருவாக நடப்பார். அப்படி நடந்த ஒரு நாள், எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பின்வளவில் ஒரு முதியவர் நிறையப் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்ததைக் கண்டார். வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். பொறுக்கமுடியாமல் கையை நீட்டி ஒரு போத்தலைக் கேட்டு வாங்கினார். மணந்தார். தலையை இரண்டு பக்கமும் ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். முதியவரும் மணந்து பார்த்தாராம். பிறகு சிரித்துக்கொண்டு படலையைத் திறந்துவிட்டாராம்.

அவர் கோர்ட்மன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டார். ஆண்டுக்கு இரண்டு தடவை, சுங்கக் கந்தோருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு, தன் நிலவறையில் பியர் வடிப்பார். அந்தக் காலத்தில் உடுப்பு அவித்த செப்புக் கொப்பரைதான் அடுப்பில் ஏறும். நொதிக்க வைக்க மூடி போட்ட பெரிய வாளிகள். வாளியிலிருந்து போத்தலுக்கு இறக்க ஒரு நீளமான குழாய். போத்தல்கள் கம்பி வைத்த மூடிக்காரப் போத்தல்கள். வெள்ளைப் பீங்கான் மூடி, அதன் கழுத்தில் ஒரு சிவப்பு றபர் வளையம். குடிப்பதற்கு ஆட்கள் வருவார்கள். கழுவுவதற்கு யாரும் வருவதில்லை என்று கோர்ட்மன் சொல்லிக்கொண்டிருப்பார். பியர் வடிக்கிற வேலையில் முக்கால்வாசி கழுவுகிற வேலைதான் என்றும் சொல்வார்.

சம்பளம் என்று ஒன்றும் இல்லை. வாங்கியிருந்தால் களவு வேலை ஆகிவிடும். கோர்ட்மன் கொடுத்தது வேறொன்று. நிலவறைப் படியேறினால் நடையில், சுவரோரம் ஒரு சாம்பல் நிறத் தொலைபேசி இருந்தது. ஞாயிறு மத்தியானத்தில் அதில் மணி அடித்தால் விஜயரத்தினம் அண்ணை எடுக்கலாம் என்றார். ஞாயிறுகளில் கோர்ட்மன் தோட்டச் சங்கத்துக்குப் போய்விடுவார்; அதனால் நிலவறைக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு ஒன்றையும் கொடுத்துவிட்டார்.

அண்ணையின் மனைவி புஸ்பவதி கொழும்பில் இருந்தார், ஆறு வயது மகள் பாமாவோடு. ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜன்சிக்காரன் பயணத்துக்கு நாள் குறிக்கும் வரையில் கொட்டாஞ்சேனைப் பக்கம் லொட்ஜ் லொட்ஜாக மாறிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் ஒரு கிழமைக்கு மேல் தங்கினால் பொலிஸ் வந்து அடையாள அட்டை கேட்கும். கடிதம் போடவோ தந்தி அடிக்கவோ நிலையான விலாசம் கிடையாது. புஸ்பவதிதான் அங்கிருந்து தொலைபேசி எடுக்கவேண்டும், அண்ணை இங்கிருந்து எடுக்கமுடியாது. ஹைமில் உள்ள தொலைபேசிக்கு வெளியிலிருந்து யாரும் பேசமுடியாது. ஆகவே கோர்ட்மன் வீட்டு நடைதான் அந்தக் குடும்பம் சந்திக்கிற இடம். மணி அடிக்கும் வரையில் அண்ணை கீழே போத்தல் கழுவிக்கொண்டிருப்பார். அடித்ததும் ஈரக் கையோடு படியேறி ஓடுவார்.

கோர்ட்மனும் அவரும் மொழியில்லாமல் பேசிக்கொண்டதை நான் இரண்டொரு தரம் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு சண்டை வந்தது. சோடாத் தூள் கரைத்த கொதிதண்ணீரில் வாளியை உரஞ்சி, அலசி, திரும்பக் கொதிதண்ணீர் ஊற்றி எடுத்த பிறகு, அண்ணை வழக்கம் போலத் தோளில் கிடந்த தோய்த்த துவாயால் உட்பக்கத்தைத் துடைத்தார். ஈரத்தோடு பாத்திரம் வைப்பது எங்கள் வீடுகளில் இல்லையே. கோர்ட்மன் துவாயைப் பறித்து எறிந்துவிட்டார். துடைத்தால் துணியில் இருக்கிற கிருமியெல்லாம் உள்ளே போய்விடும், கவிழ்த்துவிட்டு நீ விலகிப் போ என்று கையால் காட்டினார். அண்ணை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் எங்களுக்கே அதைப் பாடமாக எடுத்தார்.

"முதல்ல அழுக்குப் போகவேணும், பிறகுதான் கிருமி. அழுக்கோட கொதிதண்ணி ஊத்தினா அழுக்கை அவிச்சு வைக்கிற மாதிரி. சவுக்காரம் ஆகாது, பியரின்ர நுரை செத்துப்போம். துணி ஆகாது. விளங்குதோ?"

"எங்களுக்கேன் அண்ணை இது?" என்றேன்.

"ஆருக்காவது சொல்லவேணுமே."

நிலவறைக்குப் போகிற நாட்களில் அவர் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. கம்பனிக் காலத்துக் கட்டுப்பாடு அது. எண்ணெய்க் கை பட்ட போத்தல் வழுக்கும் என்பார்.

ஓகஸ்டில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பியர் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டிருக்காது. நொதி அடங்கினால் போத்தலில் அடைக்கவேண்டும். செப்டெம்பரில் தோட்டச் சங்கத்து விழா, கோர்ட்மன் முதல் தடவையாகத் தன்னுடைய பியரைச் சங்கத்துக்குக் கொடுக்கப் போகிறார். அண்ணை போர்வைக்குள் நடுங்கியபடி புவனேந்திரனைக் கூப்பிட்டார். முதல் நாள் அவனைக் கோர்ட்மனிடம் தானே தாங்கித் தாங்கி நடந்து கூட்டிக்கொண்டுபோய்விட்டார். தன் நெஞ்சிலும் அவன் நெஞ்சிலும் கை வைத்துக் காட்டி, "புறூடர்" என்றார். சகோதரன் என்ற அர்த்தத்தில், நான்காவது ஜெர்மன் சொல்லாக அதை அவர் என்னிடம் கேட்டுப் படித்திருந்தார்.

புவனேந்திரனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். சோடாத் தூள், தூரிகை, அலசல், றபர் வளையங்களைக் கழற்றித் தனியாக அவித்தல், துடைக்காமல் கவிழ்த்தல். எண்ணெய் பற்றி மட்டும் சொல்லவில்லை. போத்தல் வாயில் எண்ணெய் பூசுகிற மனிதனும் இருப்பான் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

அன்று பின்னேரம் புவனேந்திரன் சந்தோஷமாகத் திரும்பி வந்தான். அண்ணை காய்ச்சலில் அயர்ந்து கிடந்தார். என்னிடம்தான் சொன்னான்: வளையங்கள் அவித்ததில் காய்ந்து விறைத்துப்போயிருந்தனவாம், ஒன்றிரண்டு வெடித்தும் இருந்தனவாம். தகப்பனுடைய கடையில் காய்ந்த றபருக்குச் செய்கிற வேலையைச் செய்தானாம். தன் பெட்டியிலிருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுபோய் ஒவ்வொரு வளையத்துக்கும் பூசி மெதுப்பாக்கிப் போட்டானாம். தாய் ஊரிலிருந்து கொடுத்துவிட்ட எண்ணெய் அது. எங்களில் ஒருவருக்கும் அவன் அதில் ஒரு சொட்டுத் தந்ததில்லை. கிழவனுக்காக அதையே எடுத்திருக்கிறான் என்றால் பொடியன் நல்லவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். பியருக்கும் எண்ணெய்க்கும் உள்ள பகை எனக்குத் தெரியாது.

விழா ஒரு சனிக்கிழமை நடந்தது. அண்ணையும் நானும் போகவில்லை; புவனேந்திரன் போனான். வந்து, நல்லாய் நடந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான்.

மறுநாள் ஞாயிறு அண்ணை வழக்கம் போல நிலவறைக்குப் போனார், புஸ்பவதி கொழும்பிலிருந்து எடுத்தார். ஏஜன்சிக்காரனிடம் பயணத்துக்கு இரண்டு திகதி இருக்கிறதாம். ஒன்று இந்த மாதக் கடைசி, மற்றது ஒக்டோபர் நடுப்பகுதி. எதை எடுக்க என்று கேட்டாராம். ஹைமில் குடும்பத்துக்கு அறை கேட்டிருக்கிறேன், ஒக்டோபரில் வா என்று அண்ணை சொன்னாராம். யோசித்து அடுத்த ஞாயிறு கடைசி முடிவு சொல்லுங்கோ, நான் திங்கள் ஏஜன்சியிடம் சொல்லவேணும் என்றாராம் புஸ்பவதி. அறைக்கு வந்து இதையெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் அவர் சொன்னார். புவனேந்திரனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

புதன்கிழமை காலை புவனேந்திரன் அவனாகவே எண்ணெய்ப் போத்தலைத் திறந்தான்.

"கையை நீட்டுங்கோ அண்ணை. காய்ச்சல் கிடந்த உடம்பு, வையுங்கோ, சூடு தணியும்."

அண்ணை ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார். அன்று நிலவறை வேலை இல்லாத நாள். உள்ளங்கை நிறைய வாங்கி உச்சியில் தேய்த்து, முழுகி, தலையைச் சீப்பால் இழுத்து வந்தார். நெடுநாளுக்குப் பிறகு அறையில் ஊர் வீட்டு மணம் வந்தது. மத்தியானம் புவனேந்திரன்தான் சொன்னான், கோர்ட்மன் அண்ணையை வரச் சொன்னவர், கதைக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு வரட்டாம் என்று. நீ வா என்றதற்குத் தனக்குக் கால் நோகிறது என்றான். நான் போனேன்.

கோர்ட்மன் எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஒரு போத்தலைத் திறந்து கிளாசில் ஊற்றினார். நுரை எழுந்தது, யாரோ மேலிருந்து உள்ளங்கையால் அமத்தியது போல உடனே இறங்கிவிட்டது. மேலே சின்னச் சின்ன எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன. சங்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள் என்றார். கோப்பை கழுவின தண்ணீர் என்று சொன்னார்களாம். அவர் சத்தம் போடவில்லை. போத்தலின் றபர் வளையத்தைக் கழற்றி அண்ணையின் கையில் கொடுத்தார்.

அண்ணை மணந்தார். அவரால் மணக்காமல் இருக்கமுடியாது.

"தேங்காயெண்ணெய்," என்றார், தமிழில்.

கோர்ட்மன் குனிந்து அண்ணையின் தலையை மணந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்கு எதையும் அவர் மிச்சம் வைக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். எண்ணெய் பூசியது இவரல்ல, மற்றவர், இவர் அன்று காய்ச்சலில் கிடந்தார் என்று என்னுடைய உடைந்த ஜெர்மனில் சொன்னேன்; இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்து வந்தன. கோர்ட்மன் பொறுமையாகக் கேட்டார். புவனேந்திரன் இதைச் சொல்ல வெட்கப்பட்டான், இரண்டு தரம் கேட்டுத்தான் சொன்னான் என்றார். ரட்னம்தான் வளையங்களை வீட்டுக்கு எடுத்துப்போய் எண்ணெயில் ஊறவைத்தார், உங்கள் நாட்டில் அப்படித்தான் செய்வார்களாம் என்றார். விஜயரத்தினம் அண்ணையை அவர் ரட்னம் என்றுதான் கூப்பிடுவார்.

"உங்களில் ஒருவர் பொய் சொல்கிறார். அவன் என் மொழியில் பேசுகிறான். உங்களை எனக்கு விளங்கவில்லை."

திறப்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அண்ணை காற்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, மேசையில் வைத்தார். வெளியே வந்த பிறகும் றபர் வளையம் அவருடைய கையில்தான் இருந்தது.

அடுத்த நாள்தான் நான் சோசல் கந்தோர் வரிசையில் கிரிஜா அக்காவைச் சந்தித்தது.

வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் அந்தச் செய்தி இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தேன், பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று நம்பி மூன்றாம் தடவையும் வாசித்தேன். ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து, மேற்குப் பக்கம் போக விசா இல்லாதவர்களைக் கிழக்கு ஜெர்மனி தன் வழியாக விடமாட்டாது. கிழக்கு பெர்லினில் இறங்கி ரயிலேறி இந்தப் பக்கம் வருவதுதான் எங்கள் எல்லோருடைய வழி. புஸ்பவதியினுடைய வழியும் அதுதான். மாதக் கடைசியில் ஏறினால் வந்துசேர்வார். ஒக்டோபர் என்றால் இல்லை.

அண்ணைக்கு நான் வாசித்துச் சொன்னேன். அவர் கட்டிலில் இருந்தபடி, "நான்தானே ஒக்டோபர் எண்டனான்," என்றார்.

அன்று பின்னேரம் புவனேந்திரன் வந்ததும் கேட்டார். கோபமாக அல்ல, சந்தையில் விலை கேட்பது போல.

"நான் ஊறவைச்சனெண்டு சொன்னியோ?"

"ஐயோ அண்ணை, நான் அப்பிடிச் சொல்லேல்லை. அந்தாளுக்குத்தான் விளங்கேல்லை."

"உன்ர ஜெர்மன் அவருக்கு விளங்கேல்லையோ?"

அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கசிப்புக் கதை கிரிஜா அக்காவின் புருசனுக்கு எப்படிப் போனது என்று நான் கேட்டேன். பகிடிக்குச் சொன்னனான் என்றான், அவன் அதைக் காவிக்கொண்டு திரிவான் எண்டு ஆருக்குத் தெரியும் என்றான். திறப்பு இப்போது அவனிடம் இருந்தது. கோர்ட்மன் அவனைத்தான் ஞாயிறுகளில் வரச் சொல்லியிருக்கிறார். விழாவிலிருந்து திரும்பி வந்த எல்லாப் போத்தலையும் எண்ணெய் போகக் கழுவ வேண்டுமாம்.

அண்ணை, "சோடாத் தண்ணி நல்லாக் கொதிக்கவேணும்," என்றார். "வளையங்களை எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கச் சொல்லு. எண்ணெய் றபருக்குள்ள போனா வராது."

"ஓமண்ணை."

"ஞாயிறு புஸ்பவதி அக்கா எடுப்பா."

"நான் அங்கதானே நிப்பன். நான் எடுத்துச் சொல்லுறன். மாசக் கடைசியில ஏறச் சொல்லி. அவ்வளவுதானே? நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

அவன் அப்படிச் சொன்னபோது நான் நம்பினேன். அண்ணையும் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஞாயிறு மத்தியானம் புவனேந்திரன் புறப்பட்டுப் போன பிறகு, அவர் எழும்பிச் சப்பாத்துப் போட்டார். தலை முழுகியிருந்தார், எண்ணெய் இல்லை. "தம்பி, சும்மா ஒருக்கா நடந்திட்டு வருவம்," என்றார்.

கோர்ட்மனுடைய சைக்கிள் இல்லை, சங்கத்துக்குப் போய்விட்டார். படலைக்கு வெளியே நான் நின்றுவிட்டேன். அடுத்த வீட்டு யன்னலில் திரைச்சீலை அசைந்தது. ஞாயிற்றுக்கிழமை, மற்றவன் வளவு, நாங்கள் இரண்டு கறுத்த மனிதர்கள். பொலிசைக் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று வசனம் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணை படலையைத் திறந்து உள்ளே போனார். நானும் போனேன்.

நிலவறையின் சிறிய யன்னல் நிலமட்டத்தில் இருந்தது, கொதிதண்ணீர் ஆவியில் பாதி மங்கியபடி. உள்ளே புவனேந்திரன் கைச்சட்டையை மடித்துவிட்டுப் போத்தல் தேய்த்துக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் தேய்த்தான். அலசியதைத் துடைக்காமல் கவிழ்த்தான். அண்ணை புல்லில் குந்தியிருந்து அதைப் பார்த்தார்.

அப்போது மேலே நடையில் மணி அடித்தது.

புவனேந்திரன் நிமிர்ந்தான். படியைப் பார்த்தான். கையிலிருந்த போத்தலை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான்.

அண்ணை கண்ணாடியில் விரலால் தட்டினார். அவன் திடுக்கிட்டு எங்களைக் கண்டான். யன்னலடிக்கு வந்து நின்றான், திறக்கவில்லை.

"எடு தம்பி," என்றார் அண்ணை.

"கிழவன் போனில கை வைக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டார் அண்ணை." கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "மேல் அறையைத் தாறன் எண்டவர். ஹைமை விட்டு வரலாம். இப்ப ஒரு பிழை விட்டா..."

"எனக்குக் கதவைத் திற. நான் எடுக்கிறன். நான் உடைச்சுக்கொண்டு வந்தனெண்டு சொல்லு."

மணி நின்றது. பதில் கிடைக்காவிட்டால் திங்கள் புஸ்பவதி ஏஜன்சியிடம் ஒக்டோபரைத்தான் சொல்வார். கொழும்பில் தபால் கந்தோர் வரிசையில், பாமாவைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்பவர்களிடம் இன்னொரு தரம் முயன்று பார்க்கிறேன் என்று அந்த மனிசி மன்றாடியிருக்கவேண்டும். மணி திரும்பவும் அடிக்கத் தொடங்கியது.

புவனேந்திரன் எங்களைப் பார்த்தான். திறப்பு அவனுக்குப் பின்னால் கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கியது எங்களுக்கே தெரிந்தது. அவன் தொட்டியடிக்குத் திரும்பிப் போய், குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, ஒரு போத்தலைப் பிடித்தான். ஆவி எழுந்து யன்னலை முழுதாக மூடியது.

அண்ணை எழும்பிப் போய் நிலவறைக் கதவில் இரண்டு கைகளையும் வைத்துச் சாய்ந்து நின்றார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக மணி அடித்துக்கொண்டே இருந்தது.